மாதா தங்கும் வீட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை

“…மாதா பொறப்பட்டுப் போயிட்டா அப்புறம் அடைச்சுக்கலாம்தானே, உபதேசியாரே?” என்று சித்தி கேட்டாள்.

கதவைப் பற்றித்தான் கேட்டாள். எங்கள் வீட்டு முன்கதவு. அது சுவரோடு ஒட்டித் திறந்து கிடந்தது. உள்ளே, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் சித்தியின் புருஷன் உட்கார்ந்திருந்தார், கையில் கோப்பி. பக்கத்து மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா. வாசலில் ஜெபமாலையும் கையுமாக லயத்துச் சனம். உபதேசியார், அதாவது சாமியார் வராத நாளெல்லாம் எங்கள் தோட்டத்துக் கோயிலை நடத்துகிறவர், திரும்பிக் கதவைப் பார்த்தார். நான் அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, என் பங்கு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தி அப்புறம் என்ன செய்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் ருசிக்காது. நம்ம வயசுக்காரர்களுக்கு என்ன அவசரம்? முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டு வந்து உட்காருங்கள். இது சாமி கதைதான், ஆனால் பாதிக்கு மேல் பொறாமைக் கதை. அதில் பெரும்பங்கு என்னுடையது.

எங்கள் தோட்டம் பீடோங்கிலிருந்து உள்ளே தள்ளி. செம்மண் சடக்கில் பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தால் வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள், அதுதான் எங்கள் லயம். சித்தி என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. கடற்கரை ஊரான தஞ்சோங் டாவாயில் வாக்கப்பட்டிருந்தாள். அவள் புருஷனுக்குக் கருவாட்டு வியாபாரம், சொந்த லோரி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு வாக்கப்பட்ட என் அம்மா, பைப்படியில் குடம் நிறையும் நேரத்தில் “என் தங்கச்சி லோரிக்காரன் பொண்டாட்டியாக்கும்” என்பாள். அந்தக் குரலில் பாதி பெருமை. மீதிப் பாதி என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்கே அது வந்தபிறகு புரிந்தது.

ஒரு மத்தியானம், மரப்பாலை எடைபோட்டுவிட்டு ஆட்கள் வாளியோடு திரும்புகிற நேரம், சித்தி வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு ரோத்தான் பிரம்புக் கூடை. காலில் செருப்பில்லை. கன்னத்தில் மங்குஸ்தான் தோல் நிறத்தில் ஒரு தடிப்பு. சேலையில் கருவாட்டு வாடை. அவளுடைய புருஷன் வெளியே போகும்போதெல்லாம் அவளை உள்ளே விட்டு, வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டுப் போவாராம். ஐஸ் விற்கிறவனைப் பார்த்தாள் என்று அடி. கண்ணாடி பார்த்தாள் என்று அடி. ஜெபமாலை சொன்னாள் என்றுகூட அடி. “மணிய உருட்டிக்கிட்டு மனசுக்குள்ள எவன நெனக்கிற?” என்று பிடுங்கி அறுத்தாராம். அன்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பூட்டை உடைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காசும் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் போ என்று அனுப்பிவைத்தார்களாம்.

அம்மா அவளை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தாள். அடுப்பில் சட்டியை வைத்து உப்பை வறுத்தாள். அதைப் பழைய துணியில் முடிந்து, முதலில் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, பிறகு தங்கையின் கன்னத்தில் ஒற்றினாள். “பொறுத்துக்கடி… பொறுத்துக்கடி…” வீடு முழுக்கச் சுட்ட உப்பின் வாசனை. ஒட்டுப்பால் படிந்து காய்ந்துபோன அம்மாவின் கை அவ்வளவு மெதுவாக அசையும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தம்பி பிறந்ததிலிருந்து அந்தக் கை என் தலைக்கு வந்தது பேன் பார்க்க மட்டும்தான்.

அந்தக் காயத்தின்மேல் எனக்குப் பொறாமை வந்தது. சிரிக்காதீர்கள். மறுநாளே முழங்கையைக் காட்டிக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

“அம்மா, எனக்கும் இங்க வீங்கியிருக்கு.”

“கொசு கடிச்சதுடி அது.”

“கொசு கடிச்சாலும் வலிக்கும்லா.”

“எச்சியத் தொட்டு வச்சுக்க, போ.”

மூலையில் உட்கார்ந்திருந்த சித்தி சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் சிரித்த முதல் சிரிப்பு. சிரித்ததும் கன்னம் இழுத்து வலித்திருக்க வேண்டும், ‘ஸ்’ என்று கையை வைத்துக்கொண்டாள்.

அப்பா நல்லவர். மச்சினியைக் கூடப்பிறந்தவளாகவே நினைத்தார். அந்தக் காலத்து ஆண்கள் அன்பைப் பேச்சில் காட்டமாட்டார்கள், ஆணியிலும் பலகையிலும் காட்டுவார்கள். ரப்பர் ஆலையிலிருந்து ஒரு கனமான மரத்துண்டைக் கொண்டுவந்து, இழைத்து, முன்கதவுக்கு உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் போட்டார். முழங்கை நீளம். தள்ளினால் ‘டக்’ என்று போய் உட்காரும். “இனி அவன் லோரியக் கொண்டாந்து இடிச்சாலும் தெறக்காது” என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை தள்ளிக் காட்டினார்.

அன்றைக்குச் சித்தி சாப்பிடவில்லை. விளக்கு வைத்த நேரத்தில் அப்பா தாழ்ப்பாளைப் போட்டதும் அவளுக்கு முகம் வேர்த்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. கண்ணைக் கதவிலிருந்து எடுக்கவேயில்லை. அடுத்தடுத்த நாளும் அப்படித்தான். அம்மா, கடற்கரையில் காற்றுக் கருப்பு அண்டியிருக்கும் என்றாள். அப்பா, காய்ச்சலுக்கு மருந்து வாங்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு அத்தை, “எங்க மாரியம்மன் கோயில் பூசாரிகிட்ட வேப்பிலை அடிச்சாச் சரியாப் போவும். உங்க மாதா கோவிச்சுக்குவாங்கன்னா, நான் கூட்டிக்கிட்டுப் போனதாச் சொல்லிக்கிறேன்” என்றார். அந்தத் தாழ்ப்பாளை யாரும் நினைக்கவில்லை. வெளியிலிருந்து பூட்டிய கதவு வேறு, உள்ளிருந்து பூட்டிய கதவு வேறு என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எண்ணம். உள்ளே கிடந்தவளுக்கு இரண்டும் பூட்டின கதவுதான்.

சித்தி கேட்டது என்னிடம். காதோரம் குனிந்து, மூச்சுக்காற்று மாதிரி ஒரு குரல்: “பாப்பா, அத லேசா எடுத்து வுட்டுறியா?”

அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்துவிட்டேன். விரல்கடை அளவு கதவு திறந்தது. அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று வந்ததும் சித்தி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். பிறகு, “சோறு இருக்கா?” என்றாள்.

அன்றிலிருந்து சித்தி எனக்குச் சொந்தம். கதவோரம் பாய் போட்டு, கதவைப் பார்த்தபடி சித்தி படுப்பாள். பக்கத்தில் நான். அப்பா தாழ்ப்பாளைப் போடுவார், நான் எடுத்துவிடுவேன். அந்த விரல்கடைச் சந்துக்கு நான்தான் அதிகாரி. அம்மாவிடம்கூடச் சித்தி தலையசைப்பாளே தவிரப் பேச்சு கிடையாது. என்னிடம் மட்டும் அந்த மூச்சுக் குரலில் பேசுவாள். ரப்பர்க் கொட்டையில் ஓட்டை போட்டு நூல் கோத்து ராட்டினம் செய்து கொடுப்பாள். அந்த ராட்டினம் எங்கே போனதோ. தலை பின்னும்போது சடையை இழுத்துப் பிடிக்காமல் அவள் பின்னுகிற மாதிரி இன்றுவரை ஒருத்தரும் எனக்குப் பின்னவில்லை. பள்ளிக்கூடத்தில் போய்ப் பீற்றிக்கொண்டேன்: “எங்க சித்தி யாருகிட்டயும் பேசாது. என்கிட்ட மட்டும்தான் பேசும்.” கூண்டில் கிளி வளர்க்கிறவள் மாதிரி சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

பிறகு அக்டோபர் வந்தது. எனக்குப் போட்டியாக மாதா வந்தாள்.

நம்ம தோட்டங்களில் ஜெபமாலை மாதம் எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எங்கள் லயத்தில் மட்டும் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கோயிலில் இருக்கிற சின்ன மாதா சுரூபத்தைக் கண்ணாடிப் பெட்டியோடு வீட்டுக்கு வீடு கொண்டுபோவோம். ஒரு சாயங்காலம் வந்தால் மறு சாயங்காலம் வரை அந்த வீட்டில் மாதா தங்குவாள். அவள் உள்ளே இருக்கும் வரைக்கும் முன்கதவைச் சாத்தக் கூடாது. இராத்திரியிலும் திறந்துதான் கிடக்கும். யார் வந்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கோப்பியும் அவித்த கடலையும் கொடுக்க வேண்டும். பகையாளியாக இருந்தாலும் போ என்று சொல்லக் கூடாது. உபதேசியார் ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார்: “பெத்லகேம்ல அந்தம்மாவுக்கு ஒரு வீட்டுக் கதவும் தெறக்கல. நம்ம லயத்துலயாச்சும் தொறந்து இருக்கட்டுமே.”

இந்துக்கள் வீட்டிலும் முறை வைத்து வாங்கிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு அத்தை மாதாவை மாரியம்மன் படத்துக்குப் பக்கத்திலேயே வைப்பார். “எங்க ஆத்தாவுக்கும் ஒரு நாளைக்குப் பேச்சுத் துணை வேணாமா?” என்பார்.

பெண்களுக்குள் அதில் ஒரு போட்டி. யார் வீட்டில் மாதா முகம் எப்படி இருந்தது என்பதுதான் பைப்படியில் பேச்சு. “எங்க வீட்டுல இருந்தவரைக்கும் முகம் பளிச்சுன்னு இருந்துச்சு. அந்தா, அவ வீட்டுக்குப் போச்சு, வாடிப்போச்சு.” “வாடாம? செம்பருத்தியக் கொண்டாந்து மூக்குல இடிக்கிற மாதிரி வச்சா?” மாதாவுக்கு மூக்கு நுனி ஏற்கெனவே கொஞ்சம் பெயர்ந்திருந்தது. யார் வீட்டில் பெயர்ந்தது என்பது தனி வழக்கு, அது இன்னும் தீரவில்லை.

அந்த மாதத்தின் முதல் சாயங்காலம், நாலைந்து வீடு தள்ளி ஜெபம். சித்தி வந்ததிலிருந்து வாசலைத் தாண்டியதில்லை. அன்று என் பின்னால் நடந்து வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். கதவு சுவரோடு ஒட்டித் திறந்திருந்தது. ஆள் வருவதும் போவதுமாக இருந்தது. என் கையை விட்டாள். விட்டவள் நேரே உள்ளே போய், மாதாவுக்கு முன்னால், கதவு தெரிகிற மாதிரி ஒருக்களித்து உட்கார்ந்தாள். அவளாக ஒரு வீட்டுக்குள் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். நான் வாசலில், விடுபட்ட கையோடு.

பிறகு தினமும் போனாள். ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் உட்கார்ந்திருப்பாள். மெழுகுவத்தி உருகுகிற வாசனைதான் இப்போது அவள் சேலையில். கருவாட்டு வாடை போய்விட்டது. மாதாவைப் புகழும் அருள்நிறை மந்திரம் சொல்லும்போது முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு அந்த மூச்சுக் குரல் வந்தது, என்னுடைய அந்தக் குரல். அதை ஊருக்கே கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அது தடித்துச் சத்தமானது. சுண்ணாம்பில் செய்து நீல வர்ணம் அடித்த ஒரு சாண் பொம்மை, அசையாமல் நின்றே என்னிடமிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டது. மாதாவை முறைத்துப் பார்ப்பேன். அவள் மூக்கு பெயர்ந்ததில் எனக்கு அப்போது கொஞ்சம் சந்தோஷம்தான்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் துணி துவைக்கிற இடத்தில் கேட்டேன். “மாதாகிட்ட அவ்வளவு நேரம் என்ன சித்தி பேசுற?”

“ஒண்ணும் பேசல பாப்பா.”

“பேசாம என்ன பண்ணுற?”

“சும்மா உக்காந்திருக்கேன். ஏன் வந்த, என்ன பண்ணுன, ஏன் பொறுத்துக்கலன்னு கேக்காம ஒரு ஆள் பக்கத்துல இருந்தா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது.”

“நான் உன் பக்கத்துல இல்லையா?”

“இருக்கியே. நீதான் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கியே” என்று சோப்பு நுரையை என் மூக்கில் தடவினாள். கொஞ்ச நேரம் துணியைக் கும்மிவிட்டு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள்: “மாதாவும் ஓடுனவங்கதான், பாப்பா. கொல்ல வந்த ராசாவுக்குப் பயந்து, பிள்ளையத் தூக்கிக்கிட்டு வேற நாட்டுக்கே ஓடுனாங்க. ஓடுகாலின்னு அவங்கள யாரும் சொல்லல. சேசு சாமி அவங்க இடுப்புலதானே போனாரு. என்கூட மட்டும் வராமலா இருந்திருப்பாரு, அந்த பஸ்ஸுல?”

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. என் பெயர் அதில் எங்கேயும் வரவில்லை என்பது மட்டும் விளங்கியது.

எனக்கு மட்டும்தான் எரிந்தது என்றில்லை. எங்கள் லயத்தில் பாட்டுக்கு முதல் குரல் அம்மாதான். அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் தொடர்வார்கள். ஒரு சாயங்காலம் அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போய்ப் பாட்டு நடுவில் அறுந்தது. சித்தி எடுத்தாள். வேலை முடிந்து ஆண்கள் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிற இடம் வரைக்கும் கேட்டிருக்கிறது. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை, “இந்தக் கொரலயாடி இவ்வளவு நாளும் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த?” என்றார். வீட்டுக்கு வந்து அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், “நல்லாத்தான் பாடுற. இனி எனக்கென்ன வேலை?” என்று. அன்றைக்குச் சட்டி பானை கழுவின சத்தம் கொஞ்சம் கூடுதல். உப்பு வறுத்து ஒற்றின அதே கைதான். மனுஷி அடிபட்டுக் கிடக்கும்போது காட்டுகிற இரக்கம் சுலபம். எழுந்து நின்று நம்மைவிட நன்றாகப் பாடும்போதுதான் சிரமம்.

இதற்கு நடுவில் சித்தியின் புருஷன் ஒரு முறை வந்து, அப்பா வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியிருந்தார். போகும்போது அவர் சடக்கோரம் லோரியில் சாய்ந்து நின்று அழுதார். லயமே பார்த்தது. “ஆம்பள அழுறதப் பாத்தாப் பாவமாத்தான் இருக்கு” என்று பலபேர் அன்றைக்கே மனம் மாறிவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார்.

“சித்தி உன்கூடப் பேசுமா?”

தலையசைத்தேன்.

“யாருகூடல்லாம் பேசும்? சிரிக்குமா? என்னைய விட்டுட்டு வந்து சிரிக்குதா?”

பிஸ்கட்டை நான் வாங்கவில்லை. பயத்தில் இல்லை. அந்தக் கேள்விகள் எனக்குத் தெரிந்த கேள்விகள். தினமும் சாயங்காலம் ஜெப வீட்டு வாசலில் நின்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்விகள், ஒரு பெரிய மீசைக்குக் கீழேயிருந்து வந்தன. வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

அடுத்து எங்கள் வீட்டு முறை வந்தது. நான் எதிர்பார்த்துக் கிடந்த நாள். மாதா எந்த வீட்டிலிருந்து புறப்படுகிறாளோ அந்த வீட்டுப் பிள்ளைதான் அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கும். வீட்டு ஆம்பிளை பெட்டியைத் தூக்குவார். அந்த வீட்டில் இருக்கிற எவரும் உட்கார்ந்திருக்காமல் எழுந்து பின்னால் வர வேண்டும், அடுத்த வீட்டு வாசல்வரைக்கும். அது மாதாவுக்கு நாம் செய்கிற மரியாதை. சித்தி என் பின்னால் நடந்து வரத்தான் வேண்டும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மாதா வந்து தங்கிய மறுநாள், பின்மத்தியானம். அப்பா குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையில் இருந்தார். அம்மா கடலை அவித்துக்கொண்டிருந்தாள். முதலில் கருவாட்டு வாடை வந்தது. பிறகு அவர் வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். கேட்காமல் உள்ளே நுழைந்து, பெட்டிக்கு முன் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். புது மாப்பிள்ளையாக வந்த வருஷம் இதே மாதத்தில் இதே நாற்காலியில் கடலை தின்றவர்தான். இந்த ஒரு நாள் அவரை யாரும் போகச் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அப்பா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கதவைப் பார்த்தார். அவர் இழைத்துப் போட்ட தாழ்ப்பாள் சும்மா கிடந்தது.

சித்தி அடுப்படியில் இருந்தாள். அம்மா கோப்பியைப் பாதி தரையில் ஊற்றிவிட்டாள். சித்தி கோப்பையை வாங்கி, சீனியைக் கலக்கி, தானே கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் தடிப்பு இல்லை. வேர்வையும் இல்லை.

ஆறு மணி வாக்கில் ஜெபத்துக்கு ஆட்கள் கூடினார்கள். உபதேசியார் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். அவர் வரும்வரை காத்திருந்த மாதிரி சித்தியின் புருஷன் பேசினார்.

“மாதா முன்னால சொல்றேன், உபதேசியாரே. இனி கைய ஓங்க மாட்டேன். பூட்ட மாட்டேன். ஆனா அவ என்கூட வரணும். வராம இந்த எடத்த விட்டு நான் எந்திரிக்க மாட்டேன்.”

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு. “பாவம், எறங்கித்தான் வந்திருக்கான்.” உபதேசியாரின் முகம் மலர்ந்துவிட்டது. கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. அறுந்த குடும்பத்தை முடிச்சுப் போட்டு ஒட்டவைப்பது புண்ணியம் என்று நம்பினவர். “பாத்தியாம்மா? கதவு தொறந்திருக்கிற நாள்ல மாதாவே இவரக் கையப் பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க. கோயில்ல கட்டின தாலி. சேலையை எடுத்து வச்சுக்க.”

அம்மா கடலைச் சட்டியைக் கிளறினாள். அப்பா தரையைப் பார்த்தார். சித்தியை அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் கிடைக்காமல், மாதாவுக்கும் கிடைக்காமல், எல்லாரையும்விட அதிகமாகப் பொறாமைப்பட்டவருக்கே அவள் போய்ச்சேரப் போகிறாள்.

அப்போதுதான் சித்தி கேட்டாள். சத்தம் போடவில்லை. கடையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாக: “யார் வந்தாலும் போகச் சொல்லக் கூடாது, கதவ அடைக்கக் கூடாது, சரி. ஆனா மாதா பொறப்பட்டுப் போயிட்டா அப்புறம் அடைச்சுக்கலாம்தானே, உபதேசியாரே?”

இந்த இடத்தில்தான் கதையை ஆரம்பித்தேன்.

போன மாதம் சித்தியைப் பார்க்கச் சுங்கைப் பட்டாணிக்குப் போயிருந்தேன். எண்பது தாண்டிவிட்டது. தாமான் குடியிருப்பில் சின்ன வீடு. வழக்கம்போல நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன், கொண்டுபோன நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மடியில் ஆறிப்போக. உள்ளே கோலா கெத்திலிலிருந்து வந்த ஒரு இளம்பெண், கண் வீக்கத்தை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டவள். சித்தி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜெபமாலையை உருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அந்தப் பெண் போகும்போது, “கண்ணாடியக் கழட்டிட்டுப் போ பாப்பா, காத்துப் படட்டும்” என்றாள். என்னுடைய ‘பாப்பா’வும் இப்போது எனக்கு மட்டும் இல்லை, இப்படி அடிபட்டு வருகிறவர்கள் எல்லாரும் பாப்பாதான். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. என் முறை வந்ததும் கேட்டேன்: “அன்னைக்கு அந்த நேரத்துல என்ன நெனச்ச சித்தி? பயமா இல்லையா?”

“பொட்டி கனமா இருக்குமோன்னு நெனச்சேன்” என்றாள்.

ஆமாம், அவள்தான் தூக்கினாள். அப்பா கை நீட்டுமுன் மேசைக்குப் போய், கண்ணாடிப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, தானே அருள்நிறை மந்திரத்தை ஆரம்பித்தாள். அந்தக் குரலுக்குச் சனம் தன்னாலே பதில் சொன்னது. மாதா எழுந்துவிட்டால் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. எந்திரிக்க மாட்டேன் என்றவர் கோப்பிக் கோப்பையோடு எழுந்தார். அம்மா, அப்பா, தம்பி, உபதேசியார், எல்லாரும் பின்னால் நடந்தோம். முன்னால் நடக்க வேண்டிய நான் விளக்கோடு ஓடியும் அவளைப் பிடிக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை வாசலில் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தார். சித்தி பெட்டியை மாரியம்மனுக்குப் பக்கத்தில் வைத்து, நெற்றியை அந்தக் கண்ணாடியில் ஒருமுறை ஒட்டி எடுத்தாள். பாட்டு கிளம்பியது. சனம் உள்ளே நெருக்க, அவள் மட்டும் எதிர்த்திசையில் ஒதுங்கி வெளியே வந்து, லயத்து ஓரமாகவே வேகமாக நடந்து எங்கள் வீட்டுக்குள் போனாள். அதை அவர் பார்த்துவிட்டார். கோப்பையைச் சாக்கடைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் பின்னால் வந்தார். விளக்கோடு நானும். எனக்குப் பின்னால் அப்பாவும் உபதேசியாரும்.

சித்தி உள்ளே நின்று எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். என்னையும்தான். பிறகு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் ‘டக்’ என்று போய் உட்கார்ந்தது. எந்தச் சத்தத்துக்கு அவள் சோறு தின்னாமல் கிடந்தாளோ, அதே சத்தம். இந்த முறை அவள் கையால்.

அவர் தட்டினார். “கதவத் தெற” என்று குத்தினார். அப்பா அவருக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். உபதேசியார் தன் ஜெபமாலையைப் பார்த்தபடி, யாருக்கும் இல்லாத மாதிரி, மெதுவாகச் சொன்னார்: “அடைச்சுக்கலாம்… அதுல தப்பில்ல.”

நான் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, பலகைச் சுவரின் இடுக்கில் கண்ணை வைத்தேன். மாதா இல்லாத மேசையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. எந்த வீட்டிலும், எந்த நேரத்திலும் கதவைப் பார்த்தபடியே உட்காருகிறவள் என் சித்தி. என்மேல்கூட ஒருநாளும் சாய்ந்ததில்லை. அந்தப் பலகைக் கதவின்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமை உண்டு. அவள் திரும்பினாள். வெளியே அவர் குத்திக்கொண்டிருக்க, அந்தக் கதவிலேயே முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.